பச்சை வண்டியின் ஹீட்டர்

கொடைக்கானலில் ஹீட்டர் வைத்த கார் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் எங்கள் அப்பா இல்லை. அவர் அப்படி ஒரு காரை ஓட்டினார், அவ்வளவுதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் அந்த ஹீட்டரைப் பெற்று வளர்த்ததே அவர்தான் என்று தோன்றும்.

கார் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாவுடையது. அவர் ஊரிலிருந்து கப்பலில் வந்த பச்சை நிற வண்டி. டாஷ்போர்டுக்கு அடியில் பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். சுவிட்சைத் திருகினால் அதற்குள் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். இஞ்சின் சூடு குழாய் வழியாக வந்து அந்தக் காற்றோடு சேர்ந்து நம் காலில் படும். ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற தை மாதத்தில், மிஷன் வேலையாட்கள் குடியிருந்த எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார் அப்பா. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்கூட அத்தனை கரிசனமாகக் கேட்கமாட்டார். ஹீட்டருக்கு ஏதாவது கோளாறு என்றால் வேறு யார் கையும் அதில் படக்கூடாது. தானே கழற்றி, தானே மாட்டுவார்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. தம்பி பிறந்ததிலிருந்தே மூச்சு வாங்கும். அந்தத் தை மாதத்தில் அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கால்கள் வீங்கிவிட்டன. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தனியே என்றாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். இந்த உயரம் இவள் இருதயத்துக்கு ஆகாது, மதுரைக்குக் கொண்டு போங்கள், இந்த வாரத்துக்குள்ளேயே போனால்தான் ஏதாவது செய்ய முடியும், வழியில் குளிர் மட்டும் படக்கூடாது என்றார். வெள்ளைக்கார அம்மா விடுப்பில் தன் நாட்டுக்குப் போயிருந்தார். உன் வீட்டுக்கு அவசரமென்றால் எடுத்துக்கொள் என்று சாவியை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆக வண்டிக்கும் குறைவில்லை.

எங்கள் லைனில் 'கீழே இறக்குகிறார்கள்' என்ற சொல்லுக்கு ஒரு பயம் உண்டு. சீக்காளியாக மலையை விட்டு இறங்கியவர்கள் திரும்பி ஏறியது குறைவு. அதனால் யாரையாவது இறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் அன்று சாயங்காலமே ஒரு சட்டி வந்தது. அப்பா அதை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். எனக்கு நல்ல பசி. உள்ளே மீன் குழம்பு இருந்திருக்கும் என்று வெகுநாள் வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலையில் ஹீட்டர் ஓடவில்லை.

சுவிட்சைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. காற்றாடி அசையவில்லை. அப்பா நிஜமாகவே அதிர்ந்துபோனார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேட்டரி வயரைச் சுரண்டினார், பியூஸை மாற்றினார். சின்ன பல்பு ஒன்றில் வயரைச் சுற்றிக்கொண்டு கரண்டு எதுவரை வருகிறது என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். பல்பு எல்லா இடத்திலும் எரிந்தது, காற்றாடி மட்டும் கிடந்த கிடையில் கிடந்தது. கடைசியில் பெட்டியையே கழற்றிக் கார் ஷெட்டில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் பரப்பினார்.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பூம்பாறையிலிருந்து பூண்டு லாரியில் வந்து இறங்கினார். தங்கையோடு மதுரைக்குப் போவதற்காக வேட்டி சட்டையெல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தார். ஷெட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ளே, கம்பளி இருக்கு, வெந்நீர் போத்தல் இருக்கு. வெள்ளனே கெளம்புனா பெருமாள்மலை தாண்டையில வெயிலு வந்துரும். இதப் போயி நோண்டிக்கிட்டு கெடக்கீங்களே."

"குளிரு படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க மச்சான். ஹீட்டர் இல்லாம இந்த வண்டி நகராது."

"அப்ப வேற டாக்சி புடிப்போம்."

"எங்கையில வண்டி இருக்கையில எம்பொண்டாட்டிய எவன் வண்டியிலயோ ஏத்தணுமா?"

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எறங்குற ரோட்டுக்கு எதுக்குய்யா ஹீட்டரு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. உண்மைதான். அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பெருமாள்மலையில் ஸ்வெட்டரைக் கழற்றுவோம், ஊத்து கிராமத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிடுவோம், வத்தலக்குண்டில் எப்போது திரும்பி ஏறுவோம் என்றிருக்கும். மாமாவுக்குத் தெரிந்தது வாரந்தோறும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டும் அப்பாவுக்குத் தெரியாதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஹீட்டர் விஷயத்தில் அப்பா சொன்னால் அதுதான் வேதம்.

மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டு தேய்ந்துபோனதுதான் கோளாறு என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டு மதுரையில்கூடக் கிடைக்காது. பழைய டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்து, உள்ளே இருந்த கரிக்குச்சியை எடுத்துத் துவைக்கிற கல்லில் தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கல்லில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஊர்த்துணி முழுவதையும் துவைத்திருக்கலாம். தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பெட்டியை வண்டியில் மாட்டியும் பார்ப்பார், சரியில்லை என்று வேறொன்றை எடுப்பார். டார்ச் இல்லாமல் எங்கள் லைனே இருட்டில் தடுமாறியது.

சாயங்காலமானால் அம்மா கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடி கேட்பாள். "ஓடுச்சாங்க?"

"நாளைக்கு ஓடிரும்."

"அவசரமில்ல. நிதானமாப் பாருங்க."

இப்படிச் சொல்லிவிட்டு அவள் மூச்சுக்குத் திணறுவாள். மாமா எழுந்து வெளியே போய்விடுவார். வாரம் முடிந்து அடுத்த வாரமும் பிறந்தது. அம்மாவின் உதடுகள் நாவற்பழம் தின்றதுபோல ஆகிவிட்டன. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தேன். ஞாயிறு பள்ளியில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் ராஜ்யங்களுக்காகவும் சீக்காளிகளுக்காகவும் என்றார்கள். நான் ஹீட்டருக்காக என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் அப்பா பால் வாங்கப் போயிருந்தார். வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. குளிருக்குப் பயந்து நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். சாவி அதிலேயே தொங்கியது. அப்பா செய்வதுபோலச் சாவியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, ஹீட்டர் சுவிட்சையும் திருகினேன். உர்ரென்று காற்றாடி சுற்றியது. இஞ்சின் ஓடாததால் காற்று குளிராகத்தான் வந்தது, ஆனால் வந்தது. என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. "ஹீட்டர் ஓடுது, ஹீட்டர் ஓடுது" என்று கத்திக்கொண்டு லைன் முழுக்க ஓடினேன்.

மாமா வந்து கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைப் பார்த்தார். எல்லாத் திருகாணியும் முடுக்கி, வயரில் டேப் சுற்றி, வேலை சுத்தமாக முடிந்திருந்தது. டேப்பின்மேல் தூசிகூடப் படிந்திருந்தது. பால் செம்போடு அப்பா வந்து நின்றார்.

"எப்ப சரியாச்சு மாப்ளே?"

அப்பா செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முந்தாநேத்தேவா? அதுக்கும் முந்தியா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒன்னைய யாரு அதத் தொடச் சொன்னது?" என்றார். என்னிடம் அதுவரை அவர் குரலை உயர்த்தியதில்லை. எல்லாரையும் கூட்டி வைத்துத் தானே ஓட்டிக் காட்டலாம் என்று வைத்திருந்தார், நான் முந்திக்கொண்டதில் கோபம் என்று நினைத்தேன். மாமா அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கெளம்புவோம்" என்றார். அவ்வளவு மெதுவாக மாமா பேசி நான் கேட்டதில்லை.

அம்மாவிடம் செய்தியைச் சொன்னதும் நான்தான். "எம்புட்டுக் கெட்டிக்காரி" என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடி பின்னினாள். வலிக்குதும்மா என்று நெளிந்தேன். கைகளில் தூக்கி அவளை வண்டியில் ஏற்றியபோது, கதகதவென்று உட்கார்ந்து போகப்போகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அம்மா திரும்பி வரவில்லை. முன்னமே கொண்டு வந்திருக்கலாமே என்று மதுரையில் டாக்டர் கேட்டாராம். காரியமெல்லாம் முடிந்தபின் மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னார். பெருமாள்மலை தாண்டியும் அப்பா ஹீட்டரை அணைக்கவில்லை. வத்தலக்குண்டில் வெயில் கொளுத்துகிறது, எல்லாருக்கும் வேர்த்து ஊற்றுகிறது, அப்போதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டர் ஓட ஓடத்தான் போனாராம். போதும் அணைங்க மாப்ளே என்று மாமா சொன்னதற்கு, அம்மாதான், "இருக்கட்டும்ண்ணே, இன்னும் மேலேயே இருக்குற மாதிரி இருக்கு" என்றாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போனவர்கள் உலகத்திலேயே எங்கள் வீட்டார் மட்டும்தான் இருப்பார்கள்.

"அப்பா அணைக்க மறந்துட்டாரா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா. மறந்துட்டாரு."

பாவம், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.