ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கல்கத்தா லேக் கார்டன்ஸிலிருந்து ஜெயபாலன் அவர்களின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், பாபா போயிட்டாங்க," என்றாள். இங்கேயே வளர்ந்தவள், அப்பாவை வங்காளிகளைப் போல பாபா என்றுதான் அழைப்பாள். நடைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தானாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நான்கு நாட்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவரை ஹாக்கி ஆட்டத்துக்கு அழைத்துப் போனவன் நான். அவர் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவில்பட்டிக்காரர். துறைமுக வேலையில் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்தார். நானும் அப்போதுதான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். ஒரு மாலை மைதானத்தைக் கடக்கையில் நல்ல தமிழ் வசவு காதில் விழுந்து நின்றேன். அலுவலக அணியின் கோல்கீப்பராக நின்றபடி, தமக்கு முன்னால் நின்ற வங்காளிகளையும் பஞ்சாபிகளையும் அவர் திட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் புரியுமா என்று பிறகு கேட்டேன். "புரிஞ்சா என்னைய விட்டு வைப்பாங்களா சார்?" என்றார். அன்று முதல் நண்பர்கள்.

ஆடுவதை விட்ட பிறகு பார்க்க ஆரம்பித்தார். சேர்ந்தே போவோம். ஆனால் பெனால்டி கார்னரை மட்டும் அவர் பார்க்கமாட்டார். தடுக்கும் அணியில் ஐந்து பேர் கோல்கோட்டில் காத்து நிற்பார்கள். பந்து தள்ளப்பட்டதும், அடிக்கப்போகிறவரை நோக்கிப் பாய வேண்டும். திருத்திய விடைத்தாள் கட்டோடு ஆசிரியர் நுழையும்போது வகுப்பு மூச்சை அடக்கிக்கொள்ளுமே, அந்த நொடிதான் அது. கோலில் நின்றபோது பயப்பட நேரமில்லை, கேலரியில் பயத்தைத் தவிர வேறு வேலையில்லை என்பார். எழுந்து ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நடப்பதை நான் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு அவருக்கு இதய அடைப்பு வந்தது. படபடப்பே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கக்கூட அவர் மனைவி ராஜாத்தி அம்மாள் அனுமதிக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் லீக் ஆட்டங்கள் தொடங்கியதும் என்னிடம் வந்தார். "ஒரே ஒரு ஆட்டம் சார். டாலிகஞ்ச்ல உங்க வீட்டுக்குப் போறதா ராஜாத்திட்ட சொல்லிக்கிடுதேன்." நான் மறுத்திருக்க வேண்டும். பொய் சொன்னவனோடு அதற்குத் துணை போனவனையும் சேர்த்தே கண்டித்த ஆசிரியன் நான். சரி என்றேன்.

அன்று ஆட்டத்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். இருமினாலும் திரும்பினேன், இருமாவிட்டாலும் திரும்பினேன். கடைசிப் பகுதியில் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் இருந்தபோது எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அவர் எழுந்து திரும்பி நின்றார். எங்களைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினீர்கள் அண்ணா என்று பின் வரிசைக்காரர் ஒருவர் வங்க மொழியில் கேட்டார். எதிரணியைவிட நீங்கள் எவ்வளவோ அழகு என்று இவரும் வங்க மொழியிலேயே சொன்னார். சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பற்றினார். கை ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"சொல்லுங்க சார்."

நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய உதடு வெளுத்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மோதி கோலின் உட்பலகை அதிரும் சத்தம் கேட்டது. "தடுத்துட்டாங்க," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க சார். எதுக்க இருக்கிறவங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே."

தோற்றுப்போனோம். நாக்கடியில் மாத்திரையை வைத்துக்கொண்டார். அவர் இறங்க வேண்டிய காளிகாட் வரும்வரை மெட்ரோவில் அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதைக் கவனித்துவிட்டார். "பயந்துட்டீங்களாக்கும்? பயப்படத்தான சார் வாரோம். வேண்டாம்னா வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கலாமே," என்றார்.

தகனத்தன்று நான் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றேன். ராஜாத்தி அம்மாள் என் பக்கம் திரும்பிய போதெல்லாம் தலை குனிந்தேன். நான்காம் நாள்தான் துணிவு வந்தது. வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மாத்திரை உட்பட. ஆட்டம்தான் அவரைக் கொண்டுபோயிற்றா என்று கேட்பார் எனப் பயந்துகொண்டிருந்தேன்.

"ஆட்டத்துனாலதான் போனாகளோ, என்னமோ. அது யாருக்குத் தெரியும்," என்றார் ராஜாத்தி அம்மாள். பிறகு, "நாப்பது வருசத்துல என்னைய ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகலை. என்ட்ட சொல்லியிருந்தா நானும் பக்கத்துல உக்காந்து பயந்திருப்பேன்ல," என்றார்.

நான் பயந்து வைத்திருந்த கேள்வி அது அல்ல.

ஜெயபாலன் அவர்களே, அந்த ஞாயிறு உங்களுக்கு இடப்பக்கம் ஓர் இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. உங்கள் மப்ளரையும் என் துணிப்பையையும் நாம் அதில் வைத்திருந்தோம். இடம் வசதியாகக் கிடைத்தது என்றுகூடச் சொல்லிக்கொண்டோம். நிம்மதியாகச் சென்று வாருங்கள்.