கிடங்குக்குள் கட்டிய சேலைகள்

எண்பதுகளின் நடுவே, இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களுக்காகக் காரைக்காலில் ஒரு பழைய நெல் கிடங்கை முகாமாக்கியிருந்தார்கள். அதை மேற்பார்வையிடும் வேலை என்னுடையது. நான் குரும்பகரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நெல் கிடங்குகள் எனக்குப் பழக்கம். அதில் மனிதர்கள் குடியிருந்தால் என்ன தேவைப்படும் என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. குடும்பங்கள் கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டு அறைகள் செய்துகொண்டிருந்தன. மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே தலைகளை எண்ணிவிடலாம். முகாமை நான் ஒழுங்காக வைத்திருப்பதாக நினைப்பார். குடும்பங்களிடம், தீப்பிடிக்கும் ஆபத்து என்றேன். அது பொய். சமையல் வெளியே கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. அதிகாரி ஆள் எண்ண வருகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்கள் அவிழ்த்தார்கள். கடைசி மூலையில் ஒரு பெண் மட்டும் அசையவில்லை. அவளுடைய சேலைக்குப் பின்னால் மகள், பிள்ளை பெற்று ஆறாம் நாள், படுத்திருந்தாள்.

“உங்கட வீட்டில ஆக்களை எண்ணேக்குள்ள கதவைக் கழட்டி வச்சுப்போட்டோ எண்ணுறனீங்கள், ஐயா?”

யாரோ சிரித்தார்கள். என் உதவியாளர் காதருகே வந்து, “உட்ருங்க சார், பச்ச ஒடம்புக்காரி,” என்றார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் உறைத்தது. நானே போய் முடிச்சை அவிழ்த்தேன். பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாய் சேலையை எடுத்து உதறி, என் முகத்துக்கு நேரே மறுபடி கட்டினாள்.

“திரும்பவும் அவிழுங்கோ. திரும்பவும் கட்டுவன். எனக்கு இங்க வேற வேலை இல்லை.”

பக்கத்துக் குடும்பம் தன் சேலையைக் கட்டியது. பிறகு அதற்கடுத்தது. நான் வெளியே வந்தபோது கிடங்கு முழுக்கச் சேலைகள்.

அன்றே அவளைப் பற்றி அறிக்கை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன்: அடங்காதவர், மற்றவர்களைத் தூண்டுபவர், வேறு முகாமுக்கு மாற்றலாம். அவளுடைய மருமகன் இன்னும் அக்கரையில் இருந்தார். வந்தால் இங்கேதான் தேடுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். அவளுடைய சேலைக்கு வெளியே நின்று, “உள்ள வரலாமாம்மா?” என்றார்.

“வேண்டாம், ஐயா. பேரைச் சொல்லுங்கோ. உள்ளயிருந்து குரல் குடுப்பா.”

அவர் பெயரை வாசித்தார். “ஓம்” என்று மகளின் குரல் வந்தது. குழந்தையும் அழுதது. இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த சேலைக்கு நகர்ந்தார். அவ்வளவு எளிதாக இருந்தது அது. அறிக்கையைத் திருப்பிக் கேட்க அப்போதும் நேரமிருந்தது. கேட்டால் ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

இப்போது இதைச் சொன்னால், விதிப்படிதானே செய்தீர்கள் என்கிறார்கள் என் பிள்ளைகள். எந்த விதியிலும் அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லி இல்லை. எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அறிக்கை போன ஒரு மாதத்தில் அவர்களை மாற்றும் உத்தரவு வந்தது. லாரி வந்த அன்று அவளே சேலையை அவிழ்த்து மடித்தாள். போகும் முகாமின் பெயரை என் உதவியாளரிடம் கேட்டு, மருமகன் வந்தால் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தாள். நான் மூட்டையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினேன்.

“விடுங்கோ,” என்று இழுத்துக்கொண்டு, குழந்தையோடு நின்ற மகளை முதலில் ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள்.