பயில்வான் சொன்னது

பக்கத்து வீட்டில் கடுகெண்ணெயில் பூண்டும் வெந்தயமும் கருகுகின்றன. அண்ணா போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அந்த நெடி என்னை எழுபதுகளின் கரோல் பாகிற்குக் கொண்டு சென்றது.

பள்ளிக் கால்பந்து அணியில் ஆடிய அண்ணாவுக்கு முழங்கால் பிசகியிருந்தது. குஸ்திக் களத்தில் எலும்பு பிடித்துவிடும் பயில்வானிடம் அம்மா எங்களை அழைத்துப் போனாள். எண்ணெய்க் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, “எதைக் கலந்திருக்கானோ!” என்று முகம் சுளித்தாள்.

பயில்வான் நெடுநேரம் தேய்த்தபின் இந்தியில் நிதானமாக விளக்கினார். இந்தக் காலால் நடக்கலாம், ஆனால் இனி ஓடவோ ஆடவோ கூடாது என்பது அதன் சாரம். அம்மாவுக்கு இந்தி தெரியாது.

“சரியாயிடுமாம், அம்மா” என்றான் அண்ணா.

“ஏண்டா, அவன் அத்தனை நாழி பேசினான். நீ ஒரே வார்த்தையில முடிச்சுட்டே?”

“இந்தி அப்படித்தாம்மா, வளவளன்னு இருக்கும்.”

பயில்வான் “அச்சா, மாதாஜி?” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை அண்ணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தி தெரிந்த நான் வாய் திறக்கவில்லை.

இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மருத்துவரின் அறைக்குள் அண்ணா தனியாகப் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

“சரியாயிடுமாம்டா” என்றான்.

நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.