மலேரியாவாய் வந்த பதில்

என் கணவரின் உயிருக்கு ஆபத்து வந்தது புற்றுநோயால். அந்த ஆபத்தை இரண்டு மடங்காக்கியது என் வாய். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் சொல்ல முடியும்.

நான் ஜெசிந்தா. சாந்தோமில் குடியிருக்கிறோம். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினொரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கண்ணாடித் தட்டுகளில் வளரும் புற்றுநோய் செல்களுக்கு ஆகாரம் கொடுப்பது, எண்ணுவது, கழுவி வைப்பது என் வேலை. என் கணவர் ஆரோக்கியம், தி. நகரில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர்.

1998 ஜூன் மாதம். சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை என்று விட்டுவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சதை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். ஆரம்ப நிலை, மருந்துக்குக் கேட்கிற வகை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக ஆறு மாதம் ஊசி போட வேண்டும் என்றார்.

முதல் ஊசியிலேயே அவர் ஆடிப்போனார். மூன்று நாள் வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. கடைக்குப் போகவே முடியவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த வாரம்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போது ஒரு வெள்ளைப் பொடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சீனாவில் மலேரியாவுக்குக் கொடுக்கிற ஒரு செடியிலிருந்து எடுத்தது. நம் ஊரில் பூமாலையில் வைத்துக் கட்டுகிற மாசிப்பச்சைக்கு அந்தச் செடி உறவு. அந்தப் பொடியைப் புற்றுநோய் செல்களின் மேல் போட்டுவிட்டு மறுநாள் நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன். செத்த செல்தான் நீலமாகும். நுண்ணோக்கியில் எங்கே பார்த்தாலும் நீலம். எண்ணும்போதே என் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. இரண்டாவது ஊசிக்குப் போகவேண்டிய நாளில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மயிலாப்பூரில் பூ விற்கிறவரிடமிருந்து கட்டுக் கட்டாக மாசிப்பச்சை வாங்கிவந்து கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அதுவும் போதாது என்று, அந்தப் பொடியையே கொண்டுவரச் சொன்னார்.

ஒரு மத்தியானம் ஆராய்ச்சிக் கூடத்தில் யாரும் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்து அந்தச் சீசாவைக் கையில் எடுத்தேன். சுண்டுவிரல் உயரம்கூட இராது. கைப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. கை சில்லிட்டுப்போகும் வரை அப்படியே நின்றேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, எங்கள் தலைமை விஞ்ஞானி வைதேகி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

மேடம் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். "ஜெசிந்தா, தட்டுல பினாயிலை ஊத்தினாக்கூட செல் செத்துடும். இது மனுஷா ஒடம்புல என்ன பண்ணும்னு இன்னும் யாருக்கும் தெரியாது, இப்பத்தான் பாத்துண்டிருக்கோம். டாக்டர் சொன்ன மருந்து எத்தனையோ பேரைப் பொழைக்க வெச்சது. அவரை எப்படியாவது அழைச்சுண்டு போ" என்றார்.

எப்படி அழைத்துப் போவது? நான் சொன்னால் கேட்கவில்லை. பங்குச் சாமியார் வந்து பேசியும் கேட்கவில்லை. கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் கோயிலில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, நான் கெடுத்த மனதை நீர் திருப்பும். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. நாற்பது நாளுக்கு மேல் இப்படியே போனது.

செப்டம்பர் கடைசியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. அந்த வருடம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மலேரியாதான். ஆனால் இவருக்கு வந்தது மூளைவரை ஏறக்கூடிய வகை என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று நான் ஆண்டவரோடு சண்டையே போட்டேன். மனம் திரும்பத்தானே கேட்டேன், மலேரியாவையா கேட்டேன் என்று அழுதேன்.

மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. புதிதாக வந்த ஓர் ஊசியை டாக்டர் எழுதினார். நர்சு உடைத்த மருந்துக் குப்பியை வாங்கிப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் சோதித்த அதே வகைப் பொடியிலிருந்து செய்த மருந்துதான். அதே செடி.

மறைக்க மனம் வராமல் அவரிடம் சொன்னேன். காய்ச்சலிலும் சிரித்தார். "பாத்தியா ஜெசி, நீ கொண்டாரலன்னா இன்னா, ஆண்டவரே அனுப்பிட்டாரு" என்றார்.

மூன்று நாள், மூன்று ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தார். அந்த உயிரைக் காத்ததற்காக இன்றும் அந்த மருந்துக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு. தையல்காரர் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் இஞ்சு டேப்பை எடுத்துக் கட்டியை அளந்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அளந்து, காலண்டரில் எழுதினார். நான் பேசியதுவரை போதும் என்று செபம் மட்டும் செய்தேன்.

பத்தாம் நாள் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்தார். கட்டி ஒரு நூல்கூடக் குறையவில்லை. கால் அங்குலம் கூடியிருந்தது. "ஜெசி, அது ஜொரத்துக்கு வந்த மருந்து. ஜொரத்த முட்ச்சிட்டு பூட்ச்சி. கட்டி அப்படியே கீது. வா, டாக்டராண்ட போலாம்" என்றார்.

உடனே ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பையில் வைத்தேன். இந்த வார்த்தைக்குத்தானே அத்தனை நாள் முழங்காலில் நின்றேன். நான் சொல்லி, சாமியார் சொல்லித் திரும்பாத மனம், அவர் கையாலேயே அளந்து பார்த்துத் திரும்பியது.

மேடம் மட்டும் ஒன்றைச் சொன்னார். மூன்று ஊசியை வைத்து அந்த மருந்து புற்றுநோய்க்கு ஆகும் என்றோ ஆகாது என்றோ யாரும் முடிவு கட்டிவிட முடியாது, ஆராய்ச்சி பாட்டுக்கு நடக்கட்டும் என்றார். சரிதான். ஆனால் என் வீட்டுக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது.

தாமதத்துக்கு டாக்டர் கடிந்துகொண்டார். ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை என்றார். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஊசி தொடங்கியது. ஆறு மாதம். வாந்தி வந்தது, முடி கொட்டியது, சில நாள் என் மேல் எரிந்து விழுந்தார். ஒரு ஊசியைக்கூட விடவில்லை. நாலாவது ஊசிக்குள் சட்டைக் காலர் தளர்ந்தது. இந்த வருடம் மே மாதம் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டியின் அடையாளமே இல்லை என்றார் டாக்டர். இன்னும் சில வருடம் வந்து காட்டவேண்டும். காட்டுகிறோம். கடைக்குப் போகிறார். தீபாவளி, கிறிஸ்துமஸ் துணி குவிந்து கிடக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைகிறது.

நானும் மாறியிருக்கிறேன். தட்டில் பார்த்ததை வெளியே நற்செய்தியாகச் சொல்வதில்லை. வேலையைத் தொடங்கும் முன் அந்தத் தட்டுகளுக்காக ஒரு நிமிடம் செபிக்கிறேன். என்றைக்காவது அந்தச் செடி யாரோ ஒருவரின் கட்டியைக் கரைக்கலாம். அதற்கு ஆகிற காலம் ஆகட்டும்.

என் அன்பானவர்களே, கேளுங்கள், ஆண்டவர் கொடுப்பார். எந்த வழியாகக் கொடுக்கவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லித்தராதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தால், கோயிலில் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை என் கணவருக்குக் கடை விடுமுறை. அவர் கூடவே வந்து, ஊசி போட்டு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.