கோச்சுக்குச் சொல்லாத செய்தி

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பெண்கள் கால்பந்து அணியில் என் மகளுக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது. கிடைத்தால் படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. அவளுக்கு வயது பதினேழு. அந்த வருடம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மழையில் மைதானத்து ஓரத்தில் நின்று அவளுடைய கிளப் மேட்ச்களைப் போனில் பிடித்தேன். அவள் நன்றாக ஆடிய இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, நாலு நிமிட வீடியோவாக்கி, எத்தனையோ கல்லூரிகளுக்கு அனுப்பினோம். ஒன்றுதான் பதில் போட்டது.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்ல காரியம் கைகூடும்வரை எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள், கண்ணூறு பட்டுவிடும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அண்ணையின் கனடா விசா, ஊருக்கெல்லாம் தெரிந்த அதே கிழமைதான் மறுக்கப்பட்டது. லண்டனில், ஹரோவின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் யாராவது கேட்டால், "இஞ்சதான் ஃபார்மசி படிக்கப்போறா" என்பேன். அவளையும் அப்படியே சொல்லப் பழக்கினேன்.

"கோச்சுக்காவது சொல்லவேணும், அம்மா."

"அந்த கிளப்பில வேற தமிழ்ப் பிள்ளையளும் விளையாடுதுகள். கதை பரவீடும். விசா கையில வரட்டும், பிறகு சொல்லுவம்."

கல்லூரி அனுப்பிய படிவத்தில் கிளப் கோச்சின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருந்தார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். நான் வேலை கேட்டுப்போன இடங்களில் இப்படி எழுதிக் கொடுத்த எவரையும் ஒருவரும் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

ஒரு மாதம் கழித்து ஈமெயில் வந்தது. வருவதில் உறுதியாக இருக்கும் வேறொரு பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்துவிட்டார்களாம். எங்களுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

அடுத்த பயிற்சியில் கிளப் கோச் என்னிடம் ஓடிவந்தார். அமெரிக்காவிலிருந்து தன்னைக் கூப்பிட்டார்கள் என்றார். அருமையான ஆட்டக்காரி, ஆனால் லண்டனிலேயே ஃபார்மசி படிக்கப் போவதாகத்தான் தன்னிடம் சொன்னாள் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கண்ணூறு என்பதை அவருக்கு எந்த வாயால் விளங்கப்படுத்துவது? ஊரார் கண்ணுக்குப் பயந்து, என் பிள்ளையின் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன். என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லாப்டாப்பைத் திறந்து, பிழை முழுவதும் என்னுடையது என்று அந்தக் கல்லூரிக்கு எழுதத் தொடங்கினேன். மகள் பின்னால் நின்று வாசித்தாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையை விலக்கிவிட்டு லாப்டாப்பை மூடினாள்.

"அம்மா, ப்ளீஸ். இனி எனக்காக ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஓம், பிள்ளை" என்றேன்.