நத்தார் காலையில் காய்ச்சிய கஞ்சி

யாழ்ப்பாணத்தில் மிஷன் விடுதியில் படித்த நாட்களில் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. தாதியாகி, ஆஸ்பத்திரியில் நின்று கடவுளுக்கு ஊழியம் செய்ய வேண்டும். என்னைப் பெற்ற ஐயா வேறு விதமாக நினைத்தார். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசவே தெரியாதவர். ஆனாலும் வந்த முதல் வருடம் முழுவதும் முழங்காலில் நின்று நான் கேட்டது ஒன்றைத்தான். ஆண்டவரே, இடியப்பம் அவிக்கவும் சட்டி கழுவவும்தானா என்னை உண்டாக்கினீர்?

எனக்கென்று மிஞ்சியிருந்த சந்தோஷம் பாட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் பாடுவேன். மலேரியா வந்த அந்த வருடம், கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் சரணங்களை நான் தனியாகப் பாடுவதென்று முடிவாகியிருந்தது. கார்த்திகை மாதம் முழுவதும் அடுப்படியில் அதையே பாடிக்கொண்டு நின்றேன்.

அவ்வருடம் மழை பொய்த்து மகாவலி வற்றிப்போயிற்று. பாலத்துக்குக் கீழே பாறைகளுக்கிடையில் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அதில் பெருகிய நுளம்புதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்றார்கள். ஆற்றுக்கு அப்பால் இருந்த ஊர்களில் சாவு விழாத நாளில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாதிக்கு மேல் வரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். கடைக்காரரும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துவிட்டார்கள். அவர் மனைவி ஒருத்தியே எல்லோரையும் பார்த்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். வேலிக்கு மேலால் விசாரித்தால், "அல்லாஹ் காப்பாத்துவான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவாள்.

நத்தார் காலை புதுச்சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அந்த வீட்டு அடுப்பில் புகை இல்லாததைக் கண்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். அக்கா சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு உதறியது, பல் கிட்டிப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் சுளகில் அரிசி அப்படியே இருந்தது. உள்ளே சின்ன மகள் தண்ணீர் கேட்டு அனுங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் என் கணவரின் குரல் கேட்டது. "இஞ்சாரும், பஸ் வரப்போகுது."

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப உம்மட பாட்டு?"

"வேறை ஆரையெண்டாலும் பாடச் சொல்லுங்கோ."

அவர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அக்காவைப் பாயில் கிடத்திப் போர்த்தினேன். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பானையில் சமைத்தால் தயங்குவார்களோ என்று அவர்கள் பானையிலேயே அரிசியைப் போட்டு, இஞ்சியும் உள்ளிப்பூண்டும் தட்டி, தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினேன். புதுச்சேலையில் கரி பிடித்தது. தூரத்தில் பஸ் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டபோது அழுகை வந்தது. ஆனால் அந்தச் சின்னவள் முதல் கரண்டிக் கஞ்சியை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாளே, அப்போது அழுகை நின்றுவிட்டது.

மத்தியானம் ஆனபோது அக்காவுக்கு நடுக்கம் விட்டு வியர்த்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட பெருநாள்ல இங்க வந்து கஞ்சி காய்ச்சிறீங்க. ஒங்கட ஆண்டவன் கோவிக்க மாட்டானா, தங்கச்சி?"

"அவர் இஞ்சதான் நிக்கிறார் எண்டு நினைக்கிறன், அக்கா."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் எனக்கே அது உண்மை என்று பட்டது.

அந்நேரம் என் கணவர் வந்து சேர்ந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆர் பாடினது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

கோயிலில் சபை பாடும்போது உதட்டை மட்டும் அசைக்கும் மனிதர் அவர். "நீங்களோ?"

"அந்தச் சரணம் ஒருத்தருக்கும் தெரியாது. நீர் அடுப்படியில பாடிப் பாடி எனக்குப் பாடமாய்ப் போச்சு."

"சனம் என்ன செய்தது?"

"குருவானவர் கண்ணை மூடிக்கொண்டார். செபம் பண்ணினார் எண்டு நினைக்கிறன்."

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை விழுந்தது. பாயில் கிடந்த அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்காக எழுந்து நின்று, ஒரு சபை நிறையச் சனத்துக்கு முன்னால் அபசுரமாகப் பாடிய அந்த மனிதரை அன்றுதான் முழுமனதோடு விரும்பத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு காலையில் அடுப்பு மூட்டும்போது என் செபம் மாறிவிட்டது. ஆண்டவரே, இன்றைக்கு யாருக்குச் சமைக்க என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பதில் பக்கத்திலேயே இருக்கும்.

தை மாதத்தில் காய்ச்சல் என்னையும் பிடித்தது. அக்கா, தன் வீட்டார் எழும்பி நடமாடத் தொடங்கியிருந்ததால், பகல் முழுவதும் என்னருகே இருந்தாள். கசப்பான கொயினா மருந்தை நான் துப்பினால் அதட்டி மறுபடி புகட்டுவாள். ஒருநாள் தொழுகை நேரமாயிற்று. என்னைத் தனியே விட்டு வீட்டுக்குப் போய்வர அவளுக்கு மனமில்லை. என் கணவர் கதிரை மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, தரையைத் துடைத்து, புதுப்பாய் ஒன்றை விரித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். அவள் தொழுது முடிக்கும்வரை உள்ளே வரவில்லை. கட்டிலில் கிடந்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நத்தாரன்று அக்காவிடம் நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.