காலி என்று காட்டிய பென் டிரைவ்

சவரியம்மாளுக்கு மவுஸ் பிடிக்காது. 2005-இல் அவர் கடலூரில் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் ஆறு பேருக்கு ஒரு மவுஸ்தான் வேலை செய்தது. அதற்காக மல்லுக்கட்ட மனமில்லாமல், கருப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்தே எல்லாம் கற்றுக்கொண்டார். ரோஷக்காரி. அந்த ரோஷம் மட்டும் இல்லையென்றால் 2009 மார்ச்சில் ஆய்வு மாணவி இலக்கியாவின் கதி என்ன ஆகியிருக்குமோ!

அப்போது சவரியம்மாளுக்குச் சிதம்பரத்தில் சுப்பராயலுவின் டைப்பிங் கடையில் வேலை. ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு இலக்கியா தன் ஆய்வேட்டை அச்செடுக்க ஓடிவந்தாள். மாலை ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். பென் டிரைவைச் செருகினால் உள்ளே ஒன்றுமில்லை. திட்டக்குடிப் பக்கம் மூன்று வருஷம் வயல் வயலாக அலைந்து எழுதியது. வேறு பிரதி கிடையாது.

"வைரஸ் தின்னுடுச்சி. ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார் சுப்பராயலு. அந்தக் கடையில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

"கைய எடுங்க சார்" என்றார் சவரியம்மாள். கருப்புத் திரையில் பென் டிரைவுக்குள் போய், உள்ளிருப்பதைப் பட்டியல் போடச் சொல்லி டி.ஐ.ஆர். என்று அடித்தார். ஒரு கோப்பின் பெயர்கூட வரவில்லை. ஆனால் அடியில், மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்று காட்டியது. பாதிகூட இல்லை.

"காலின்னா எடம் முழுசா இருக்கணும்ல? உள்ளதான் இருக்குது. வைரஸ் ஒளிச்சி வச்சிருக்குது."

யாரும் சீந்தாத மூலைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸ் வைரஸின் வாலாட்டம் அங்கே செல்லாது. பென் டிரைவை அதில் செருகினார். விண்டோஸ் போல ஒவ்வொரு டிரைவுக்கும் தனி வாசல் அங்கே கிடையாது, எல்லாம் ஒரே கூரைக்குள். அதனால் தான் நிற்கும் இடம் எது என்று முதலில் பி.டபிள்யூ.டி. அடித்துக் கேட்டார்.

"பொதுப்பணித் துறைக்கா மனு போடுற?" என்று சுப்பராயலு கிண்டலடித்தார். சவரியம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடம் மாறும் கட்டளையான சி.டி.யை அடித்து அடித்து, ஒவ்வொரு கட்டாகத் தாண்டி பென் டிரைவுக்குள் போனார். பட்டியல் கேட்டு எல்.எஸ். அடித்தார்.

ஆறு அத்தியாயங்களும் வரிசையாக வந்து நின்றன.

இலக்கியா தேம்பினாள். "அழுவுறத அப்பறம் வச்சிக்க. மொதல்ல ரெண்டு காப்பி எடுத்துக்க" என்று சவரியம்மாள் அதட்டினார்.

அச்செடுத்த ஆய்வேட்டோடு ஓடிய இலக்கியா ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். "வாங்கிக்கிட்டாங்கக்கா!"

சவரியம்மாள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையை எடுத்தார். ஒரே வரியை மூன்று முறை தப்பாக அடித்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சியாடி?" என்றார்.